வாஷிங் மெஷின் உத்தரவாதம்

அன்புள்ள பொடிசுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "லேப்டாப் சரியாயிடுச்சாம்மா" என்று கேட்டபோது, "அது கிடக்குது, நீ நேரத்துக்குச் சாப்பிடறியா" என்று பேச்சை மாற்றினேன். பதினான்காம் தேதி பிற்பகல் மூன்று பதினாறுக்கு அதற்குள் வந்தது யார் என்று எனக்குத் தெரியும் என்பதை உன்னிடம் சொல்லவில்லை. கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும், கோபத்தில் மறந்துவிட்டேன். நான் நலம். அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறேன், ஏனென்றால் இந்தப் பத்து நாளாக எதையும் உடனே நம்ப முடியவில்லை. இதைத் தட்டச்சு செய்யாமல் பழைய புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் ஏன் கையால் எழுதுகிறேன் என்பது போகப் போகப் புரியும்.

நீ விட்டுவிட்டுப் போன லேப்டாப் எட்டு வயதுக் கிழம் என்று உனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அதன் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அப்பா கழற்றி, பால்கனியில் மணல் வாளிக்குள் புதைத்து வைத்துவிட்டார், தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர் வீட்டில் இதெல்லாம் சகஜம்தானே. அன்றுமுதல் அது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் மட்டும் உயிர் வாழ்கிறது, சுவிட்சைத் தட்டினால் அந்த நொடியே போய்விடும். பதினான்காம் தேதி மதியம் அதுவாகவே அப்டேட் ஆரம்பித்தது. நாற்பத்தொரு சதவீதத்தில் நிற்கும்போது அச்சகத்திலிருந்து அழைத்தார்கள், நான் பிழை திருத்தும் பாடப்புத்தகத்தில் பக்க எண்கள் மாறிவிட்டன, நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். 'கணினியை அணைக்க வேண்டாம்' என்று திரையிலேயே கொட்டை எழுத்தில் இருந்ததால் நான் தனியாக ஒன்றும் எழுதி வைக்காமல் கிளம்பினேன். ஐந்து மணிக்குத் திரும்பினால் லேப்டாப் அணைந்து கிடக்கிறது, வாஷிங் மெஷினுக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறது, அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். என்ன ஆயிற்று என்றேன். "கரென்ட் போயிடுச்சு" என்று குழாயைப் பார்த்துச் சொன்னார். எதிர்வீட்டுத் தையல் அக்காவிடம் விசாரித்தேன். "எங்க போச்சு? மத்தியானத்துல இருந்து மோட்டார்லதான் தைக்கிறேன், நாலு திரைச்சீலை முடிச்சாச்சு" என்றார். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வழக்கம்போல் ஒவ்வொரு அறையாகப் போய் சுவிட்சுகளை அணைத்திருக்கிறார், அதுவரை எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஆனால் ஒரு சுவிட்சை அணைத்ததற்காக உன் அப்பா பாத்திரம் கழுவ மாட்டார். வேறு ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

மறுநாள் லேப்டாப் திறந்தது, ஆனால் சரியாகப் பத்து நிமிடம்தான். பிறகு அம்புக்குறி நின்றுவிடும், விசை எதைத் தட்டினாலும் அசையாது, மூலையில் இருக்கும் கடிகாரம்கூட நின்ற நிமிடத்திலேயே நிற்கும். மவுஸையும் பிரிண்டரையும் கழற்றிப் பார்த்தேன், பழைய படங்களை அழித்து இடம் ஒழித்துக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைத்தெருவில் ரிப்பேர் பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மேலே நம்பர் ஒட்டி, "பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்துட்டு நாளைக்கு வாங்க மேடம்" என்றார். ஒட்டிய நம்பரைப் பிய்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "சேஃப் மோடுல போட்டுப் பாருங்க, அடிப்படைப் புரோகிராம் மட்டும்தான் ஓடும். அதுல நிக்காம ஓடுச்சுன்னா மெஷின் மேல தப்பில்ல, கூட வேற யாரோ தொத்திக்கிட்டு வர்றாங்கன்னு அர்த்தம்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், நான்தான் அந்த 'யாரோ'வை வீடுவரை சுமந்துகொண்டு வந்தேன். ஏன் பாஸ்வேர்டு கொடுக்கவில்லை என்றால், அதற்குள் எனக்கு மட்டுமான ஒன்று இருக்கிறது. நான்கு வருடமாக எழுதிவருகிறேன், கதை என்றும் சொல்ல முடியாது, நாட்குறிப்பு என்றும் சொல்ல முடியாது. யாருக்கும் திறக்கத் தோன்றாத பெயர் வேண்டுமென்று அந்த ஃபோல்டருக்கு 'வாஷிங் மெஷின் உத்தரவாதம்' என்று பெயர் வைத்திருந்தேன். இந்த வீட்டில் உத்தரவாதச் சீட்டை யார் எப்போது தேடியிருக்கிறார்கள், சொல்லு.

சேஃப் மோடில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. அப்படியானால் லேப்டாப்பைத் திறக்கும்போது கூடவே எழுந்துவருகிற ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. அந்தப் பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொன்றாக அணைத்து, மறுபடி திறந்து, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு மூலைக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சோறு போடுவதே சந்தேகம்தான், ஒரு கமா இடம் மாறியிருந்தால் மூன்று வரி தள்ளியிருக்கும்போதே எனக்குத் தெரியும். ஏழாவதை அணைத்ததும் கடிகாரம் நிற்காமல் ஓடியது. அதன் பெயரைப் பார்த்தேன், 'பொடிசு உதவி'. நீ கிளம்பும்போது "எதாவது ஆச்சுன்னா நான் அங்கிருந்தே பாத்துக்கறேம்மா" என்றாயே, ஊருக்குப் போகிறவர்கள் சொல்லும் ஆறுதல் வார்த்தை என்று நினைத்தேன், உண்மையாகவே ஒரு ஜன்னல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைக்கவில்லை. புது அப்டேட்டுக்கும் உன் பழைய ஜன்னலுக்கும் ஒத்துவரவில்லை, அதுதான் கோளாறு. அதனுள்ளேயே குறிப்பு இருந்தது, கடைசியாக இணைந்தது பதினான்காம் தேதி, மூன்று பதினாறு முதல் மூன்று முப்பத்துநான்கு வரை. அப்போது நான் அச்சகத்தில் இருந்தேன். சரி, அப்பா கெஞ்சியிருப்பார், நீ சரிசெய்ய வந்திருப்பாய் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு என் கோப்பைத் திறந்தேன். 'இந்த ஆவணம் முறையாக மூடப்படவில்லை, கடைசியாகத் திறந்தது மூன்று இருபத்தாறு' என்று வந்தது.

அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று இப்போது உனக்குத் தெரியும், அல்லது பாதி தெரியும். அதன் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ சம்பந்தமே இல்லாமல், "நான் கைக்குழந்தையா இருக்கும்போது ரொம்ப அழுவேனாம்மா" என்று கேட்டாய். எல்லாப் பிள்ளையும்தான் அழும் என்றேன். நீ "ம்" என்றாய், உன் "ம்" எனக்கு இருபத்தொரு வருடமாகத் தெரியும், அது அந்த "ம்" இல்லை. அப்பா மூன்று தடவை "இன்னிக்கு எங்கயாவது போறியா" என்று கேட்டார். நான் அச்சகத்துக்குக் கிளம்பினால் தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்று பார்க்கிறார். "பரண்ல ஒரு பச்சைப் பை கிடந்துச்சே, அது எங்க" என்றார், இருபது வருடமாகத் தொடாத பை அது. என் சொந்த வீட்டில் நான் வேவு பார்க்கப்படுகிறேன் என்று தோன்றியது. நீ படித்தாய், அப்பாவிடம் சொன்னாய், இருவரும் சேர்ந்து என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தீர்மானித்தே விட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துவிட்டேன், அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். சட்டையைக்கூட மாற்ற விடாமல் இந்தத் தாள்களை அவர் முன்னால் வைத்து, "பாத்திரம் ஏன் கழுவினீங்க" என்று கேட்டேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கட்டடத்துக்குள் எந்த வழியாகப் போனோம் என்று மேலதிகாரிக்குச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். சுவிட்சை அணைத்த பிறகுதான் திரையில் எழுதியிருந்தது ஞாபகம் வந்ததாம், மறுபடி போட்டால் ஏதேதோ எழுத்து வந்து பயமுறுத்தியதாம், உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். நீ அதை எழுப்பி உட்கார வைத்திருக்கிறாய். அப்போது வாஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் வழிந்துவந்து அவர் காலில் பட்டிருக்கிறது, "அப்படியே அதோட உத்தரவாதம் எங்கயாவது இருக்கான்னு பாரும்மா" என்றிருக்கிறார். நீ பார்த்தாய், கண்ணெதிரே அதே பெயரில் ஃபோல்டர். திறந்தாய். முதல் பக்கம் வந்ததும் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. மூட முடியவில்லை, நகர்த்த முடியவில்லை, அங்கே உன் திரையிலும் இங்கே அவர் திரையிலும் என் முதல் பக்கம் எட்டு நிமிடம் நின்றிருக்கிறது. கடைசியில் நீ, "அப்பா, சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்கப்பா" என்றாயாம். இத்தனை வருடத்தில் நீயாக அவரை அணைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை என்றார். "நான் படிச்சிருக்கக் கூடாது. ஆனா கண்ணு முன்னாடி நிக்குதே" என்றார். பிறகு, "பஸ் கிளம்பறதோட பக்கம் முடிஞ்சுடுச்சு" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஆகவே உங்கள் இருவருக்கும் தெரிந்தது முதல் பக்கம் மட்டும். உனக்குப் பதின்மூன்று மாதம், எனக்கு இருபது வயது, இப்போதைய உன்னைவிட ஒரு வயது சின்னவள். உன்னைத் தையல் அக்காவிடம் கொடுத்து, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, பச்சைப் பையில் இரண்டு துணியும் ஒரு புத்தகமும் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன், டிரைவர் வண்டியைக் கிளப்பினார். இது உண்மை. நீ அழுததால் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் இதுதான், நீ அழாத குழந்தை, தூங்காத குழந்தை. யார் மேலும் கோபத்தில் போகவில்லை, அப்பா மேல்கூட இல்லை. இரண்டாம் பக்கத்தில் இருப்பது இதுதான். அந்த பஸ் பத்தடி போய் நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள், அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து என்றார்கள். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். பதின்மூன்று மாதத்தில் முதல் தடவையாக யாரும் கூப்பிடாமல் மூன்று அத்தியாயம் படித்தேன். அடுத்த பஸ் வந்தது, நின்றது, போனது, நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு ஊர் இல்லை, அந்த பெஞ்ச்தான் என்று அப்போது தெரிந்தது. உன்மேல் இருந்த பாசத்தால் ஓடோடி வந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பசித்ததால் எழுந்தேன், நடந்து வந்தேன். தையல் அக்கா, "கடையில என்ன வாங்கின" என்று கேட்கவே இல்லை. "புதன்கிழமையானா எங்கிட்ட விட்டுட்டுப் போ, துண்டுத் துணி வச்சு விளையாடட்டும்" என்றார். உனக்கு நினைவிருக்கும் அந்தப் புதன்கிழமைகள், வெட்டுத் துணியில் பொம்மை செய்துகொடுத்த உன் தையல் பெரியம்மா, அம்மா நூலகத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லியே நீ பேசப் பழகியது, எல்லாம் அந்த பஸ் நின்றதிலிருந்து வந்தவை.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். கேட்டிருக்கலாம். நானும் சந்தேகப்பட்டுக்கொண்டே பத்து நாள் உட்காராமல் கேட்டிருக்கலாம், அந்த வகையில் மூவரும் ஒரே குடும்பம்தான். 'பொடிசு உதவி'யை நான் அழிக்கவில்லை, அணைத்து வைத்திருக்கிறேன். உள்ளே வர வேண்டுமானால் முதலில் போன் செய், நான் போட்டுவிடுகிறேன். ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டேன், என்ன பெயர் என்று எழுத மாட்டேன். உண்மையான உத்தரவாதச் சீட்டு மெஷினுக்குப் பின்னாலேயே விழுந்து கிடந்தது, நனைந்துவிட்டது. நீ அறையை விட்டு வெளியே போகும்போது ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போ, இது அப்பா எழுதச் சொன்னது, இரண்டு தடவை எழுதச் சொன்னார், ஒரு தடவை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பாதியில் விட்டதைக் கேள், இந்த முறை பேச்சை மாற்ற மாட்டேன். உனக்கும் எங்கேயாவது அப்படி ஒரு பெஞ்ச் கிடைக்கட்டும், எழுந்துவரும்போது உனக்காகக் கதவைத் திறக்க ஒருவர் இருக்கட்டும்.

என்றும் உன்,
அம்மா

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை நான் லேப்டாப்பில் வேலையாக இருந்தபோது அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பினார், எல்லா அறை சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, இந்த அறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் தொடாமல் போனார். கொஞ்ச நேரத்தில் நான் தையல் அக்கா வீட்டுக்குப் போனதைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறார். பஸ் நிறுத்தம்வரை போனவர் அந்த முழங்காலோடு மூன்று மாடி ஏறித் திரும்பி வந்தார். எதிர்வீட்டு வாசலில் நின்று, "சேவ் பண்ணிட்டியா" என்று கேட்டார். பண்ணிவிட்டேன் என்றேன். நம் வீட்டுக்குள் போய் அந்த சுவிட்சை அணைத்துவிட்டு வேலைக்குப் போனார்.