செப்புச் சொம்பும் அறுத்த காப்பும்

உன் தங்கை இன்று காலை மெர்கோங்கில் என் வீட்டுக்கு வந்து அந்தச் செப்புச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"எங்க வீட்ல செம்புப் பாத்திரமே இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. தூக்கிப் போட மனசு வரல. நீங்க குடுத்ததுதானே லா."

அவள் போன பிறகு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். புளியும் செம்பும் கலந்த வாடை போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், மச்சான். நீ இருந்தபோது நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டியதை, நீ படிக்க மாட்டாய் என்று நிச்சயமான பிறகு எழுதுகிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

நம் மேளக் குழுவில் நீ உருமி, நான் தவில். தலைவன் என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். வேன் என்னுடையது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. வளைந்த குச்சியால் நீ தோலைத் தேய்க்கும்போது கை நடுங்க ஆரம்பித்ததை முதலில் நாங்கள் யாரும் நோய் என்று நினைக்கவில்லை. உருமி அழுகிற மாதிரி ஒரு புது ஓசை வந்தது. "புது ஸ்டைலா இருக்கு லா, விட்டுடாத" என்று முதுகில் தட்டியவன் நான்தான். ஒத்திகை முடிந்ததும் மோட்டார் பைக்கில் தஞ்சோங் டாவாய்க் கடற்கரை வரைக்கும் போய், அவித்த கெராங் சிப்பியைத் தட்டுத் தட்டாகத் தின்போம். அதிலும் செம்பு நிறைய உண்டு என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பிறகு உன் தாளம் தவறியது. பேச்சு குழறியது. நடக்கும்போது கால் பின்னியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தாய். உன் அப்பா குடித்தே போனவர். அதனால் உனக்கும் அதுதான் என்று முடிவு கட்ட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் நீ பீரைக்கூடத் தொடாமல் இருந்தாய் என்பது தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

போனில் வந்த ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, செப்புச் சொம்பு வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் ஈரலைக் கழுவிவிடும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

"நான்தான் குடிக்கிறதே இல்லையே மச்சான்," என்றாய்.

"சரி சரி, இந்தத் தண்ணியையாவது குடி," என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக ஒருநாள் விடாமல் குடித்தாய்.

திருவிழா வந்தது. ரப்பர் தோட்டத்தை விட்டு நாமெல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டாலும், காப்புக் கட்டத் தோட்டத்து அம்மன் கோயிலுக்குத்தானே வருவோம். காப்புக் கட்டிய கையால் மதுவைத் தொட்டவன் மேளத்தைத் தொடக் கூடாது. அது நம் குழுவின் சட்டம். ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் நீ தடுமாறி, உருமியோடு தரையில் விழுந்தாய். கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

நீ எழுந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தாய். "தண்ணி போடல லா மச்சான். வேணும்னா மோந்து பாரு." வாயைத் திறந்து நின்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோல் நறுக்கும் கத்தியை எடுத்து உன் கையில் இருந்த காப்பை அறுத்தேன். மைக்கைப் பிடித்து, "குடிகாரனுக்கு நம்ம குழுவுல இடமில்ல," என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். காப்பை அவிழ்க்கிற உரிமை அம்மனுக்கு முன்னால் பூசாரிக்குத்தான் உண்டு. நான் அறுத்தேன். நீ குனிந்து, அந்த மஞ்சள் கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு போனாய்.

சில மாதம் கழித்து அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். உன் கருவிழியைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் இருந்தது. அதை நானும் பார்த்திருக்கிறேன், குடிகாரக் கண் என்று நினைத்திருக்கிறேன். அது செம்பு. எல்லோர் உடம்புக்கும் கொஞ்சம் செம்பு வேண்டும். மிச்சத்தை ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். பிறவியிலேயே உன் ஈரலுக்கு அது முடியவில்லை. சேர்ந்து சேர்ந்து ஈரலைத் தின்று, மூளைக்கும் ஏறியிருக்கிறது. செம்பை இழுத்து வெளியேற்றும் மாத்திரை தொடங்கியபோது ஈரலில் மிச்சம் எதுவும் இல்லை.

சாவு வீட்டில், "குடிச்சே ஈரல அழிச்சிக்கிட்டான்," என்று யாரோ சொன்னார்கள். நான் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொன்னால் காப்பு அறுத்த கதையையும் சொல்ல வேண்டி வரும். வாயை மூடிக்கொண்டு அடுத்தவருக்குக் கப்பை நீட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உன்னால்தான் உன் தங்கையையும் சோதித்தார்கள். அவளுக்கும் அதே கோளாறு, ஆனால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. துத்தநாக மாத்திரை சாப்பிடுகிறாள்; அது சாப்பாட்டில் இருக்கிற செம்பை உடம்பில் ஏறவிடாதாம். விடாமல் சாப்பிட்டால் நன்றாக இருப்பாள். சொம்புத் தண்ணீர் மட்டும் உன்னைக் கொல்லவில்லை, வருஷக்கணக்காகச் சேர்ந்தது என்று டாக்டர் சொன்னதையும் அவளே எனக்குச் சொன்னாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது வேண்டாம்.

கிளம்பும்போது வாசலில் நின்றாள். "தோட்டத்துல இன்னும் அண்ணனக் குடிகாரன்னுதான் பேசுறாங்க. அம்மா கோயிலுக்கே வர மாட்டேங்குது. அன்னைக்கு மைக்குல சொன்னது நீங்கதானே. நீங்களே சொன்னாத்தான் எடுபடும்."

வருகிற வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. சொல்கிறேன் என்றேன். அப்புறம், இத்தனை நாளாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். காப்பை அறுத்த அன்றைக்கு நீ என்ன சாப்பிட்டிருந்தாய்?

"விரதம்ணே. காலைல இருந்து பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் இல்ல. இந்தச் சொம்புலதான், ரெண்டு துளசி போட்டுக் குடிச்சிச்சு."

நான் முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால், நான் கொடுத்த தண்ணீரின் வாசம்தான் உன் வாயில் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை மைக்கில் முதலில் அதைத்தான் சொல்லப் போகிறேன், மச்சான்.