வடைக்கடைக்குப் போன கடைசிப் பக்கங்கள்

ஆவணி 4, வியாழன்

வெயில். ஆடி முழுக்க மண்ணை வாரி வாயில் போட்ட காற்று, ஆவணி பிறந்ததும் ஒரு இலையை அசைக்கவில்லை. முழங்கால் இரண்டும் கனம்.

மகன் மாரியின் பழைய பேப்பர் கடைக்கு வீரசோழனிலிருந்து லோடு வந்தது. யாரோ வாத்தியார் வீட்டைக் காலி செய்தார்களாம். மூன்று மூட்டை புத்தகம், இரண்டு மூட்டை பரீட்சைத் தாள், ஓடாத மின்விசிறி ஒன்று. என் வேலை எப்போதும் போல: அட்டையைக் கிழித்து ஒரு பக்கம், உள்தாள் ஒரு பக்கம். தடித்த புத்தகமாக இருந்தால் முதுகில் கத்தி வைத்து இரண்டாகப் பிளந்து போட வேண்டும். அப்போதுதான் கட்டு நிற்கும். வடைக்கடை, கடலைக்கடைக்கெல்லாம் அந்தக் கட்டுதான் போகும்.

இந்த நோட்டும் லோடில் வந்ததுதான். முன்பாதியில் எந்தப் பிள்ளையோ போட்ட கணக்கு, எல்லாம் தப்பு. நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் எனக்கு ஒன்றும் மறக்காது. மாரி கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தது இருபத்து நாலு வருசத்துக்கு முந்தி. இலையில் அப்பளம் இல்லை. அதுவும் இருக்கிறது.

மத்தியானம் ஆள் வரத்து இல்லை. பிளந்து போட்ட ஒரு புத்தகத்தின் முன்பாதியைக் கையில் எடுத்தேன். அட்டை போய்விட்டதால் பேர் தெரியாது. எழுதினவன் யார் என்றும் தெரியாது. முதல் பக்கத்திலேயே ஒருவனுக்குக் கை போகிறது. சீ என்று வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

ஆவணி 5, வெள்ளி

மேகம் போல ஏதோ. மழை இல்லை. உலையில் போட்ட அரிசி குழைந்துவிட்டது. அந்தப் புத்தகத்தால்.

கதை இதுதான். ஒரு கைவிட்ட கல்குவாரி. பன்னிரண்டு ஜோடியைப் பிடித்து வந்து உள்ளே விடுகிறார்கள். ஜோடிக்கு ஒரு கயிறு. தினம் ஒரு போட்டி. தோற்றால் சாவு. சாவு என்றால் லேசான சாவு இல்லை. கோழியை உரிப்பதுகூட அதைவிட மரியாதை. மேலே கண்ணாடி அறையில் ஒரு பணக்காரன் உட்கார்ந்து பார்க்கிறான். கடைசியில் மிஞ்சுகிற ஒருவருக்குப் பரிசு.

ஏன் கீழே வைக்க முடியவில்லை என்று யோசித்தேன்.

– சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறான். நமக்கு யார் சொன்னார்கள்.
– அடுத்தது யார் என்று தெரியாது. யாரோ ஒருவர் என்று மட்டும் தெரியும். அதுவே இழுக்கிறது.
– கை போனவனைப் படிக்கும்போது முழங்கால் வலி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெளியே லோடு இறக்குகிறவர்கள் சண்டை. 'ஏலே, தராசப் பாத்து நிறு. என் மூஞ்சியில முள்ளு இல்ல.'

மைதா வாங்கச் சொல்ல வேண்டும், பசை காய்ச்ச.

ஆவணி 7, ஞாயிறு

கடை அடைப்பு. மாரி குடும்பத்தோடு காரியாபட்டிக்குக் கல்யாணத்துக்குப் போனான். நான் வரவில்லை என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. படித்தேன்.

விக்டர் என்று ஒருவன். கயிற்றைப் பிடித்து மேலே நிற்கிறான். கீழே பாறையில் தொங்குகிறவன் இவனை அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்டவன். விக்டர் கையை விட்டுவிட்டான். படித்ததும் வாய் கசந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எனக்கு இப்படி ஒருவனைத் தெரியும். ரா. என்று மட்டும் எழுதுகிறேன். முழுப்பேரை எழுதினால் நோட்டுக்கே தீட்டு.

ஐம்பத்து மூன்று வருசம். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். கண்ணன் பிறந்த நாளுக்கு வழுக்கு மரம். விளக்கெண்ணெயும் கற்றாழைச் சாறும் பூசிய மரம், உச்சியில் பித்தளைக் குடம். ஒருவர் தோளில் ஒருவர் நின்று ஏற வேண்டும். ஏறுகிறவர்கள் மேல் முறைப்பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அடியில் நின்றவன் ரா., என் அத்தை மகன். அவன் தோளில் ஒருவன். அதற்கும் மேலே என் அண்ணன் தங்கவேல். அண்ணன் கை குடத்தில் பட்டது. ரா. காலை எடுத்துவிட்டான். ஒரு எட்டு. அவ்வளவுதான். மரத்தடிக் கல்லில் அண்ணன் தலை.

யார் எங்கே நின்றார்கள் என்று இப்போதும் சொல்வேன்.

– பூசாரி மேற்கே, கையில் சேகண்டி.
– சின்னையா மேளத்துக்குப் பக்கத்தில், வெற்றிலை மென்றுகொண்டு.
– அம்மா வரவில்லை. வீட்டில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.
– ரா. அடியில். முகமெல்லாம் சிவந்து. குடித்திருப்பான்.
– நான் வேம்படியில், முன்வரிசை.

முதலில் கத்தியது நான்தான், கால எடுத்துட்டான் என்று. அதுவே அவனுக்குப் பேரானது. கால எடுத்தவன். ஊரில் தலை காட்ட முடியாமல் டவுனுக்கு வந்து வடைக்கடை போட்டான். அடுத்த வருசம் நானும் இதே டவுனுக்கு வாக்கப்பட்டு வந்தேன். அந்தக் கடை இருக்கிற பந்தல்குடி ரோட்டு முக்கில் நான் கால் வைத்ததில்லை. பஸ்ஸுக்குக்கூடச் சுற்றித்தான் போவேன். போன ஆடியில் செத்தான். கேதத்துக்குப் போகவில்லை.

விக்டர் சாக வேண்டும். மெதுவாக. அதற்காகத்தான் இதைப் படிக்கிறேன்.

ஆவணி 8, திங்கள்

புழுக்கம். 288-ஆம் பக்கம். விக்டர் கண்ணாடி அறைக் கதவைத் திறக்கிறான். அதோடு சரி. தாள் இல்லை.

மாரியைப் பிடித்து ஏசினேன். ஒரு பொருளை வைத்த இடத்தில் வைக்கத் தெரியாதவன், அப்பனைப் போல, என்றேன். அவன் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

'நீதாம்மா பிளந்து போட்ட. பின்பாதி அன்னைக்கே கட்டுல போயிருச்சு.'

எந்தக் கட்டு என்றேன். தராசுத் தட்டிலிருந்த படிக்கல்லை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னான். பந்தல்குடி ரோட்டு வடைக்கடைக் கட்டு. ரா. கடை. பதினாறு வருசமாக அங்கே பேப்பர் போடுகிறானாம், என்னிடம் சொல்லாமல். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோபத்தில் புத்தகத்தின் குறை எல்லாம் தெரிந்தது.

ஈ இல்லை. பதினேழு பேர் சாகிறார்கள், ஒரு ஈ வரவில்லை. அண்ணன் தலைக்கு அம்மா ஓடி வருமுன் ஈ வந்துவிட்டது. இவன் சாவைப் பக்கத்தில் பார்த்தவன் இல்லை.

செத்தவர்களுக்குத் தாய் இல்லை. பதினாறாம் நாள் இல்லை. அவர்கள் கழற்றிப் போட்ட சட்டை எங்கே போனது என்று ஒரு வரி இல்லை. அண்ணன் சட்டையை அம்மா துவைக்காமலே வைத்திருந்தாள்.

ஆறாவது சாவுக்கு மேல் மனதில் ஒன்றும் நிற்கவில்லை. உப்பைக் கொட்டினால் ருசி கூடுமா. ஒரு சின்னப் பெண்ணின் சாவுக்கு நாலு பக்கம், கிழவனுக்கு இரண்டு வரி. எழுதுகிறவன் எதை ரசிக்கிறான் என்று தெரிந்துபோனது.

இருந்தும் மிச்சம் வேண்டும். விக்டருக்காக.

ஆவணி 10, புதன்

காலையில் நாலு துளி. மண் வாசம் கிளம்பி அப்படியே நின்றது.

பேத்தி நந்தினி காலேஜ் விட்டு வந்ததும் முன்பாதியைப் புரட்டினாள். இந்த மாதிரி பத்துப் பதினைந்து போனிலேயே படித்திருக்கிறாளாம். எல்லாவற்றிலும் கடைசிக்கு முந்தின ஆளைத்தான் நம்பக் கூடாதாம். இதில் ஒன்றுதான் பொய் என்றாள்: அந்தக் கண்ணாடி அறைப் பணக்காரன். அவன் இருப்பதால் மற்ற எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்களாம், பழியை அவன் தலையில் போட்டுவிட்டு. பெரிய பேச்சு. பரீட்சையில் அரியர் வைத்திருக்கிறாள்.

ரா. கதையைச் சொன்னேன். நூறு தடவை கேட்டதுதான். யார் யார் எங்கே நின்றார்கள் என்று சொல்லி முடித்ததும் கேட்டாள்.

'எல்லாரும் என்ன செஞ்சாகன்னு சொல்றீக. நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீக அப்பத்தா?'

நின்றுகொண்டிருந்தேன் என்றேன். சும்மாவா என்றாள். காபி ஆறுகிறது, குடி என்றேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

ஆவணி 11, வியாழன்

புழுதி. போனேன்.

புத்தகத்துக்காகத்தான் போனேன். வேறு எதற்கும் இல்லை. முக்கில் இரண்டு லாரி நின்றது. அதன் மறைவில் கொஞ்ச நேரம் நின்றேன். கடையில் பேச்சி மட்டும், ரா. பெண்டாட்டி. காரியாபட்டிப் பக்கத்துக்காரி, அந்தச் சாவுக்கு நாலு வருசம் கழித்து வாக்கப்பட்டு வந்தவள். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டாள். 'வாங்கக்கா,' என்றாள். ஏதோ நேற்றுத்தான் வந்து போனது போல.

முக்காலி போட்டாள். எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்து இரண்டு வடை வைத்தாள். பேப்பரில் கொடு போதும் என்றேன். சொந்தக்காரர்களுக்குப் பேப்பரில் கொடுக்கிற பழக்கம் இல்லை என்றாள். தாள் எல்லாம் அவள் தலைக்கு மேலே கம்பியில் குத்தித் தொங்கியது. என் புத்தகத்தின் எழுத்துதான். பாதிக்கு மேல் போய்விட்டது.

கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். மூத்தவனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில்கூட அந்தப் பேரைச் சொன்னார்களாம். பிள்ளைகள் இரண்டும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், திரும்பி வர இஷ்டம் இல்லை. என்னைக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. மழை பெய்யாததைச் சொல்வது போலச் சொன்னாள்.

'அன்னைக்கு அவுக கட்டியிருந்த வேட்டி பெட்டியிலேயே கெடந்துச்சுக்கா. செவப்புக் கறை. ரத்தம்னு நெனச்சேன். இல்ல, மஞ்சத்தண்ணியில யாரோ சுண்ணாம்பு கலந்து ஊத்திட்டாக, கண்ணு தொறக்க முடியலைன்னாக. யாருன்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். கூட்டத்துல யாரோன்னுருவாக.'

வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். முழங்கால் என்றேன். தாளைக் கேட்கவில்லை.

ஆவணி 12, வெள்ளி

கடைக்குப் போகவில்லை. படுத்தே இருந்தேன். சாப்பாடு வேண்டாம் என்றதற்கு மருமகள் இரண்டு தடவை வந்து பார்த்தாள். அப்பளம் பொரித்து வந்தாள்.

எனக்கு ஒன்றும் மறக்காது என்று எழுதினேன். மறக்கவில்லை. அந்த இடத்துக்குப் போகாமல் சுற்றிப் போயிருக்கிறேன், பந்தல்குடி ரோட்டு முக்கு மாதிரி.

வேம்படியில் நான் சும்மா நிற்கவில்லை. கையில் செம்பு. வாய் நசுங்கிய பித்தளைச் செம்பு. எல்லாப் பெண்களுடையதும் மஞ்சள் தண்ணீர். நான் மட்டும் சுண்ணாம்பு போட்டுக் கரைத்தேன். சிவப்பாகும், துவைத்தாலும் போகாது. அவன் வேட்டியில் என் கறை தனியாகத் தெரியட்டும் என்று. தைக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசுவதாக வீட்டில் இருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்து ஊற்றினேன். சிரித்துக்கொண்டுதான் பார்த்தான். முகம் சிவந்தது அந்தத் தண்ணீரால்தான். குடித்ததனால் இல்லை.

கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தான். காலும் நகர்ந்தது.

அவனுக்குத் தெரியும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

ராமையா. எழுதிவிட்டேன்.

ஆவணி 13, சனி

வெயில் திரும்பிவிட்டது. ஊரில் இன்று வழுக்கு மரம் நடுகிறார்களாம். மாரியிடம் சொல்லாமல் கிளம்பினேன். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தேன்.

பேச்சி மாவு தட்டிக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்று முக்காலியை இழுத்தாள். உட்காரவில்லை.

'சுண்ணாம்பு கலந்தது நாந்தான் பேச்சி. ஊத்துனதும் நாந்தான். அவரு மேல தப்பு இல்ல.'

சட்டியில் கிடந்த வடையைத் திருப்பிப் போட்டாள். அரித்து எடுத்தாள். அடுத்த ஈடு போட்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

'போன ஆடிக்கு முந்தி வந்து சொல்லியிருக்கலாம்லக்கா. கடைசி வரைக்கும் அவுகளுக்குக் காது நல்லாக் கேட்டுச்சு.'

லாரிக்காரன் ஒருவன் நாலு வடை கேட்டான். கட்டிக் கொடுத்தாள். பிறகு எனக்கும் இரண்டு. தட்டு இல்லை. கம்பியிலிருந்து ஒரு தாளை உருவி, சுற்றி, கையில் கொடுத்தாள். அந்த லாரிக்காரனுக்குக் கொடுத்த மாதிரியே. வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடையில் வந்து பிரித்தேன். 341-ஆம் பக்கம். எண்ணெய் ஊறி இரண்டு பக்கத்து எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று தெரிகிறது. விக்டர் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். செத்தானா இருக்கிறானா தெரியவில்லை.

கம்பியில் இன்னும் தாள் தொங்குகிறது. நாளையும் போய் இரண்டு வடை வாங்க வேண்டும்.