இரண்டு வீட்டுக்கு ஒரு மீட்டர்

துலாம் மாசம் 4, திங்கள்

மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். குடை ஆபீசிலேயே தங்கிவிட்டது. சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தால் வாசலில் காரியஸ்தர் குஞ்ஞுப்பிள்ளை, கையில் கரண்டு பில். வீட்டுக்காரர் கொல்லத்தில். வாடகை, பில், வம்பு எல்லாம் இவர் மூலம்தான்.

பில் நினைத்ததைவிட மூன்று மடங்கு. வாசல் என்றும் பாராமல் “ஐயையோ” என்று கத்திவிட்டேன்.

மீட்டர் ஒன்றே ஒன்று. மாடியில் நானும் ஆத்துக்காரி ஜானகியும். கீழே பின்கட்டில் ஃபிடில் பாகவதர், ஒண்டிக்கட்டை. பில் பாதிக்குப் பாதி என்று குடிவரும்போதே பேச்சு. எங்களுக்குக் கூடம், அடுக்களை, மாடிப்படி, பூஜை அறை என்று நாலு விளக்கு. அவருக்கு ஒன்று. அன்றைக்குப் பேச்சு எனக்கு லாபமாகப் பட்டது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

கரமனையில் அண்ணா வீட்டில் இன்னும் அரிக்கேன் லாந்தர். கரண்டு இருக்கிற வீடு என்றுதான் தனிக்குடித்தனம் வந்ததே. பார்க்க வந்த மன்னிக்கு ஸ்விட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. இந்த பில் விஷயம் அங்கே போனால் மூன்று தலைமுறைக்குச் சிரிப்பார்கள்.

நனைந்த சட்டையைச் சலவைக்குப் போடவில்லை. குடை நாளைக்கு மறக்கக்கூடாது.

துலாம் 5, செவ்வாய்

காலையில் வெயில், சாயங்காலம் மழை. சிக்கன நடவடிக்கை: மாடிப்படி பல்பைக் கழற்றியாயிற்று. கழற்றின கையோடு இருட்டில் படி தவறி முழங்காலில் அடி. ஜானகி மஞ்சள் பற்றுப் போட்டாள். “அந்த பல்புக்கு ஆன காசு மஞ்சளுக்கு ஆகாது, இல்லையா?” என்று கேட்டாள். கேலியா என்று தெரியவில்லை.

ஆபீசிலிருந்து வந்ததும் ஒரு சோதனை. கூடம், அடுக்களை இரண்டையும் நிறுத்தினேன். பாகவதர் சிக்ஷை சொல்லிக்கொடுக்கப் போயிருந்தார், கதவில் பூட்டு. படிக்கட்டின் கீழே குனிந்து மீட்டரைப் பார்த்தேன். சக்கரம் சுற்றுகிறது! சாவகாசமாக, கோவில் பிரதட்சிணம் மாதிரி.

விஷயம் வெட்டவெளிச்சம். மனுஷர் விளக்கை எரியவிட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறார். நான் பாதி அழுகிறேன்.

துப்பறிந்த சந்தோஷத்தில் முழங்கால் வலி தெரியவில்லை.

துலாம் 6, புதன்

மழை இல்லை. கிணற்றடியில் பாகவதரைப் பிடித்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். குஞ்ஞுப்பிள்ளை நின்றார், தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றார்கள். அதனால்தான் சொன்னேனோ என்னவோ.

“பாகவதர்வாள், விளக்கை அமர்த்தாமலே வெளியிலே போயிடறேள் போலிருக்கே?”

அவர் பொடிமட்டையை இடுப்பில் தேடினார். “நானா? அமர்த்திட்டுத்தானே போறேன்… அமர்த்தினேன்னுதான் நினைக்கறேன், ஸார்.”

“நினைச்சாப் போறுமா? சக்கரம் சுத்தறதை நானே கண்ணாலே பார்த்தேன்.”

குஞ்ஞுப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். “பாகவதரே, கரண்டு கிணத்து வெள்ளம் இல்லை கேட்டேளா, இஷ்டம்போலே கோரி ஊத்த!” பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பாகவதருக்குக் காது சிவந்துவிட்டது. பாதி நிரம்பின வாளியோடு உள்ளே போனார்.

ஆபீசில் நாள் முழுக்க நல்ல உற்சாகம். ஹெட் கிளார்க்கிடம்கூட இந்தக் கதையைச் சொன்னேன், கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்து.

துலாம் 8, வெள்ளி

விளக்கு வைக்கிற நேரம். பின்கட்டில் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஃபிடில். ஜயித்துவிட்டேன் என்று முதலில் தோன்றியது. அப்புறம் அப்படித் தோன்றவில்லை.

ஜானகி சன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “பாவம், அந்த மாமா நேத்தியிலேருந்து விளக்கே போடலை.”

“சிக்கனம் வந்திருக்கு, நல்லதுதானே.”

“தந்தி அறுந்தா இருட்டிலே எப்படிக் கட்டுவார்?”

வெற்றிலை வாங்கப் போகிறாற்போல் வெளியே போனேன். குஞ்ஞுப்பிள்ளை தெருமுனையில். பாகவதர் வருகிற புதன்கிழமை தம்பானூர் பக்கம் ஏதோ லாட்ஜுக்குப் போகிறாராம், அட்வான்சும் கொடுத்தாயிற்றாம். “சாலைக் கடைக்காரன்மார் எல்லாம் இப்போ அவரைக் ‘கரண்டு பாகவதர்’னுதான் விளிக்கறது,” என்று அதற்கும் ஒரு சிரிப்பு. அந்தப் பேரை வைத்தது யாராக இருக்கும்? கேட்கவில்லை. கதை கிளம்பின இடம் எனக்குத் தெரியும்.

வெற்றிலை வாங்க மறந்துவிட்டேன்.

துலாம் 10, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் எண்ணெய்க் குளியல். காப்பிக்கு உட்கார்ந்தேன். ஜானகி ஈரத்தலையோடு வந்து சொன்னாள்: “ஏன்னா, சுவாமி விளக்கு மலையேறிடுத்து. வேற பல்பு வாங்கிண்டு வரணும்.”

எனக்குப் புரியவில்லை. பூஜை அறைக்குப் போனேன். சன்னல் இல்லாத அறை, கனத்த பழங்காலக் கதவு. உள்ளே கும்மிருட்டு. படங்களுக்கு மேலே கறுத்துப்போன பல்பு. தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு.

“இதை எப்போ போட்டே?”

“பால் காய்ச்சின அன்னிக்கு. நீங்கதானே சொன்னேள், யுத்தகாலத்திலே நல்லெண்ணெய் விக்கிற விலைக்கு இனிமே இதுதான் சுவாமி விளக்குன்னு.”

“அன்னியிலேருந்தா? ராத்திரி, பகல் எல்லாம்?”

“பின்னே? எண்ணெய் விளக்கானா எண்ணெய் தீர்ந்து தானே மலையேறும். ஏத்தின சுவாமி விளக்கைக் கையாலே அணைக்கலாமோ? இதுவும் ஒரு நாள் தானா ஆகும்னு விட்டுட்டேன். நெடுநாள் எரிஞ்சுது, நல்ல பல்பு.”

அவள் பேரில் எனக்குக் கோபமே வரவில்லை. எப்படி வரும்? நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். குடிவந்த நாள் முதல் ஒரே ஒரு தரம் அந்தக் கதவைத் திறந்து கும்பிட்டிருந்தால் போதும், கண்ணில் பட்டிருக்கும். நான் திறக்கவில்லை. சந்தியாவந்தனம் பால்கனியில், அதுவும் பாதி நாள் வெறும் உதட்டசைவு. நித்தியம் பூஜை உண்டு என்று மாமனாருக்கு எழுதினது வேறு.

சோதனை செய்தவன் நாலு விளக்கில் இரண்டைத்தான் நிறுத்தினேன். ஒன்றைக் கழற்றியிருந்தேன். நாலாவது என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை.

விஷயத்தை ஜானகியிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ அந்த மாமா…” என்றாள். “இப்பவே போய்ச் சொல்லிடுங்கோ.”

“சொல்றேன்.”

இப்போது மணி ஆறு. வெற்றிலைக் கடைக்குப் போய் வந்தாயிற்று, கீழே இன்னும் போகவில்லை. கீழே ஃபிடில், இருட்டில்.

துலாம் 11, திங்கள்

ஆபீஸ் போகும் முன் இறங்கிப் போனேன். கதவு திறந்திருந்தது. பாகவதர் ஃபிடில் வில்லுக்கு ரோசனம் தேய்த்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு புது மண்ணெண்ணெய் விளக்கு, சிம்னி துடைத்து. நிமிர்ந்து பார்த்தார். எழுந்து நின்றார், அதுதான் தாங்கவில்லை. அவர் வயதுக்கு நான் பிள்ளை.

“என்ன ஸார்?”

“மணி என்ன ஆச்சுன்னு…”

சொன்னார். என் சட்டைப்பையில் கடிகாரச் சங்கிலி தொங்குகிறது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

வழி நெடுக யோசனை. என்னவெல்லாம் சொல்லலாம்:
மீட்டரில் கோளாறு என்று (பொய்).
எலி வயரைக் கடித்தது என்று (இதுவும் பொய், அதிலும் மட்டம்).
பணத்தை மட்டும் குஞ்ஞுப்பிள்ளை மூலம் திருப்பித் தருவது (கோழைத்தனம்).
உள்ளதைச் சொல்வது.

கடைசியைத் தவிர எல்லாவற்றுக்கும் வசனம் தயார். ஆபீசில் இரண்டு தபாலில் விலாசம் மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துலாம் 12, செவ்வாய்

அடைமழை. பாகவதர் நாளைக் காலை போகிறார்.

சாயங்காலம் படியில் பாதி வரை இறங்கினேன். அவர் பெட்டிக்குக் கயிறு கட்டுகிற சத்தம். உட்கார்ந்தேன். கொசு. எழுந்து மேலே வந்துவிட்டேன்.

ஜானகி சாதம் போட்டாள். “சொல்லிட்டேளா?”

“ஆச்சு.”

“என்ன சொன்னார்?”

“என்ன சொல்லுவார்? பரவாயில்லைன்னார்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். ரசம் விடட்டுமா என்று கேட்டாள். விட்டாள்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. வெட்கம் கெட்டவன். புது பல்பு வாங்கவில்லை. கேட்டால் கடையில் ஸ்டாக் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதோ, இதற்கும் பொய் தயார்.

துலாம் 13, புதன்

மழை விட்டுவிட்டது. விடிந்ததும் வாசலில் மாட்டுவண்டி. ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. ஃபிடில் பெட்டியை அவரே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

நான் பின்னாலேயே போய்ப் பெட்டியை ஒரு கை பிடித்து வண்டியில் ஏற்றினேன். வண்டிக்காரன் மாட்டைத் தட்டப் போனான். “இருப்பா” என்று கத்தினேன். சொல்லிவிட்டேன். எல்லாம். பூஜை அறை, பல்பு, நான் கதவு திறக்காதது, கிணற்றடி, ஹெட் கிளார்க்கிடம் அளந்தது உள்பட. குஞ்ஞுப்பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். இருக்கட்டும்.

பாகவதர் பொடி எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை.

“எனக்குத் தெரியும், ஸார். உங்காத்துக்காரி ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வந்து அழுதுண்டே சொல்லிட்டாளே. நீங்க வெத்திலை வாங்கப் போயிருந்தேளாம்.”

“தெரிஞ்சுமா போறேள்? லாட்ஜ்லே சொல்லி அட்வான்சை நான் திருப்பி வாங்கித் தரேன். இருங்கோ மாமா.”

“இருக்கணும்னுதான் நினைச்சேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா இங்கேயே இருந்துடலாம்னு ரெண்டு நாளாப் பெட்டியைக் கட்டாமலே வெச்சிருந்தேன். நேத்திக்கு நீங்க படியிலே பாதி வரைக்கும் வந்து உட்கார்ந்தேள். இதோ வரார்னு கயத்தைக் கீழே போட்டேன். மேலே போயிட்டேள்.” ஃபிடிலைச் சரியாக மடியில் வைத்துக்கொண்டார். “அப்புறம்தான் கட்டினேன். போயிட்டு வரேன்.”

வண்டி போயிற்று.

திரும்பினால் மாடிப்படியில் ஜானகி. நேற்று ராத்திரி நான் “ஆச்சு” என்றபோதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறிவிட்டது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆபீசுக்குப் போகவில்லை. லீவு லெட்டர் எழுதிக் குஞ்ஞுப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினேன். காரணம்: ஜுரம்.