பக்கத்தில் வைக்க மறந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். முதுகுவலி தேவலையா? குனிந்தே தைக்காதீர்கள்.

போன வாரம் ஒரு கூத்து. எலிக்கருவின் சிறுநீரகத்தில் நுண்குழாய்கள் எப்படி உருவாகின்றன என்பதைத்தான் இங்கே நுண்ணோக்கியில் பார்க்கிறேன். குழாயாக வேண்டிய செல்களைத் தனியே வளர்க்க முடியாது. பக்கத்தில் வேறொரு திசுத் துண்டை வைத்தால்தான் அவை ஒன்றுகூடிக் குழாயாகும். நான் வைக்க மறந்துவிட்டேன். மூன்றே நாளில் அத்தனையும் செத்துவிட்டன.

"சாப்பாடெல்லாம் வேளாவேளைக்குப் போட்டிருக்கீங்க, துணைதான் வைக்கல," என்று பேராசிரியை சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு சின்ன வேலை. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனை கட் செய்துவிடாதீர்கள். தையல் மெஷின் பக்கத்தில் அப்படியே வைத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருங்கள். பேச வேண்டாம்.

லேபில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். சாப்பாடெல்லாம் வேளாவேளைக்குக் கிடைக்கிறது.

உங்கள் மகள்