ருசி பார்க்காமல் வைத்த சாம்பார்

ஆடி 9, வியாழன்

காலையிலிருந்தே காற்று. முற்றம் பெருக்கி முடிப்பதற்குள் மறுபடியும் புழுதி. மனைவி சரசுவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பி இது இரண்டாவது வாரம். சொட்டு மருந்து வேளை தவறவில்லை. டாக்டர் சொன்னவை: குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, புகை ஆகாது, அடுப்புப் பக்கமே போகக் கூடாது. ஆக, அடுப்பு என் பொறுப்பு. இந்த வயது வரை பால்கூடக் காய்ச்சியதில்லை.

இன்று: சோறு குழைந்தது. ரசம் பரவாயில்லை. வெண்டைக்காய் அடிப்பிடித்தது.

சரசு அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடியுடன். "கடுகு வெடிச்சிருச்சு, போடுங்க. அது இல்லங்க, உளுந்து. தீயக் குறைங்க. ஏங்க, குறைங்கன்னா அமத்திட்டீகளே!"

அவள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் சொல்லச் சொல்ல என் கை பதறுகிறது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலத்திலும் இப்படித்தான். அதிகாரி பின்னால் வந்து நின்றால் என் கையெழுத்தே கோணும். அவளிடம் எப்படிச் சொல்ல?

ஆடி 12, ஞாயிறு

டீக்கடை. பால்ச்சாமி, பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, எல்லார் முன்னாலும்: "ஏலே, இன்னைக்கு என்ன கொழம்பு? புளித்தண்ணியா, சுடுதண்ணியா?" ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பும்போது கூடவே நடந்து வந்தான். குரலை இறக்கி, "சோறு கொழையுதுன்னா குக்கர விட்ருலே. சட்டியில வடி. எம் பொண்டாட்டி போய்ச் சேந்தப்புறம் நானும் அப்பிடித்தான் பழகுனேன். கடையில சொல்லிறாத" என்றான். இத்தனை வருடத்தில் தன் சமையலைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை.

வடித்தேன். கஞ்சி காலில் கொஞ்சம். சோறு உதிரி உதிரியாக.

பிறகு எதிர்வீட்டு மாரியம்மா, தோட்டத்துச் சீனியவரைக்காயோடு. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புச் சரியா பாரம்மா என்றேன்.

"நான் எதுக்குண்ணே பாக்கணும்? உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு நாக்குல வைங்க. என்ன கொறையுதுன்னு அது சொல்லும்."

வைத்தேன். புளிப்பு முன்னால் நின்றது. வெல்லம் கொஞ்சம் போடலாமோ என்று இழுத்தேன். "போடுங்க, பாப்போம்" என்று சும்மா நின்றாள். போட்டேன். சரியாகிவிட்டது. சரசு இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள்.

ஆடி 15, புதன்

குழாயில் தண்ணீர் வந்தது. குடங்கள் நிரப்பினேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

இப்போது எதை வைத்தாலும் உள்ளங்கை, நாக்கு. கத்தரிக்காய்க் குழம்பு நன்று.

காரியாபட்டியிலிருந்து சரசுவின் அக்கா போன். சரசு தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். "அவரு ஆக்கிப் போட்டு நீ தின்னு கண்ணு தெளியவா? அமாவாசைக்கு வாரேன். துணிமணிய எடுத்து வையி, எங்கூட வந்து இரு. ஆவணி கழிச்சு நானே கொண்டாந்து விடுறேன்."

சரசு மறுக்கவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா சொல்றதும் சரிதானங்க. நீங்களும் எத்தனை நாளைக்கு அல்லாடுவீக? அமாவாசைக்கு உங்க அம்மா அப்பாவுக்குப் படைக்கணும். ஒத்தையில செஞ்சிருவீகளா?"

செய்துவிடுவேன் என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல், தெரியவில்லை.

"ஒழுங்கா செஞ்சிட்டீகன்னா நான் போகல."

அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்காக அல்ல.

ஆடி 18, சனி

காற்று அடங்கவில்லை. நாளைக்கு: பூசணிக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், சீனியவரைப் பொரியல், ரசம், பாசிப்பருப்புப் பாயசம், அப்பளம். வெங்காயம், பூண்டு கூடாது. வடைக்குச் சரசு ஆசைப்பட்டாள். எண்ணெய்ச் சட்டி பயம் என்றேன். விட்டுக்கொடுத்தாள்.

பெரிய கவலை: படைத்து, காக்காய்க்கு வைக்கும் வரை எதையும் ருசி பார்க்கக் கூடாது. அம்மாவும் அப்பாவும் உண்ணுமுன் நம் நாக்கில் படக் கூடாது. நான் பழகியதெல்லாம் நாக்கை வைத்துத்தானே.

தைரியத்தைத் திரட்டிச் சரசுவிடம் ஒன்று கேட்டேன். நாளைக்கு நீ எதுவும் சொல்லாமல் இருக்க முடியுமா? கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமே சொல்லக் கூடாதா?"

"ஒண்ணுமே."

"தீஞ்சாலும்?"

யோசித்து, தீய்ந்தால் சொல் என்றேன். சிரித்தாள்.

ஆடி 19, ஞாயிறு, அமாவாசை

கையில் இன்னும் மஞ்சள் வாசம். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

குளித்து, விரதத்தோடு அடுப்பில் நின்றேன். பொரியல் இரண்டும் முடிந்தன. ரசம், பாயசம் முடிந்தன. சரசு வாயே திறக்கவில்லை. இடையில் அவளுக்குச் சொட்டு மருந்து விட்டேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். திரும்பி வந்தால் சாம்பார் கொதி. கரண்டி, உள்ளங்கை, நாக்கு.

அப்புறம்தான் உறைத்தது.

யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் படைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படியும் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். முடியவில்லை. போய்ச் சொன்னேன்.

சரசு மூடிய கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தாள். "கை பழகிருச்சு பாத்தீகளா! அந்தச் சாம்பார ஓரமா வைங்க. நாம அப்புறம் ஊத்திக்கிருவோம். வேற வைங்க."

வேறு வைப்பதா? அக்கா வரும் பஸ்ஸுக்கு அதிக நேரமில்லை. சன்னல் வழியே கேட்டுவிட்ட மாரியம்மா, "மதினி, எங்க வீட்டுலயும் படையல்தான். ஒரு சட்டி சாம்பார் தரவா?" என்றாள். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம் மாரி. அவுகளே வைப்பாக" என்றாள் சரசு.

என்னைப் பார்த்துச் சொன்னதல்ல அது. மாரியம்மாவுக்குச் சொன்ன பதில், சாதாரணமாக. அதனால்தானோ என்னவோ, கை நடுங்கவில்லை. மறுபடி பருப்பு வேக வைத்தேன். மீதிப் பூசணியை நறுக்கினேன். புளியைக் கரைத்தபோது கரைசலின் நிறத்திலேயே போதும் என்று தெரிந்தது. உப்பைக் கைதான் நிறுத்தியது. கொதியின் வாசம் மாறிய இடத்தில் இறக்கினேன்.

இலை போட்டுப் படைத்தேன். காக்காய்க்கு வைத்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காய்ந்தது. முதலில் ஒன்று வந்தது, அப்புறம் கூட்டம்.

அக்கா வந்ததும் இலையில் உட்கார்ந்தார். சோற்றில் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய். நிறுத்தினார்.

"மாரியம்மா வச்சதாடி?"

"அவுக வச்சது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க தம்பி." அப்புறம் தங்கையிடம், "அப்ப நான் எதுக்குடி பஸ்ஸேறி வந்தேன்? பையி கட்டிருக்கியா, இல்லையா?"

"கட்டவே இல்லக்கா."

வெயில் தாழ்ந்ததும் அக்கா தனியாகப் பஸ் ஏறினார். நிறுத்தம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். வரும் வழியில் காரணமில்லாமல் இரண்டு பேருக்கு வணக்கம் சொன்னேன்.

ஆடி 20, திங்கள்

காற்று குறைவு. கேஸ் வந்துவிட்டது.

ஒதுக்கி வைத்த சாம்பாரில் பால்ச்சாமிக்கும் கொஞ்சம் கொடுத்திருந்தேன். காலையில் டீக்கடையில்: "ஏலே, உப்பே இல்ல!" உண்மைதான். நாக்கில் வைத்தும் பயத்தில் எனக்கு அது தெரியவில்லை. அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இந்த முறை வலிக்கவில்லை.

ஒன்று யோசிக்கிறேன், சரியா தெரியவில்லை. மாரியம்மா சும்மா நின்றதும், இவன் ஊருக்கு முன் சீண்டிவிட்டுத் தனியாகச் சொன்னதும், சரசு என்னைக் கேட்காமலே எனக்காகப் பதில் சொன்னதும் இல்லையென்றால்...

மதியம். அடுப்பில் ரசம். எங்கே ஒரு சத்தத்தையும் காணோமே என்று எட்டிப் பார்த்தேன். நான் அடுக்களையில் நிற்கும்போது சரசு தூங்கி இன்றுதான் பார்க்கிறேன். வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். எழுப்பவில்லை. ரசம் நுரை கட்டுகிறது, போய் இறக்க வேண்டும்.