சாம்பல் பூசிய பலாக்கொட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

வெண்ணிலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் இப்போது ஜீப்பில் ஏறி இறங்க விடுகிறதா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? புதூர்நாட்டில் மழை எப்படி?

ஒரு விஷயம், போனில் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் அனுப்பிய பலாக்கொட்டைகள் டேராடூனுக்குப் பத்திரமாக வந்தன. "சாமை வெத மாரியே நாலு நாளு வெயில்ல போட்டு, சாம்பல் பெரட்டி கட்டிக்கிறேன், ஒரு பூச்சி அண்டாது" என்றீர்களே, அப்படியே ஒரு பூச்சி இல்லை. ஆனால் நான் படிக்கும் இந்த வன ஆராய்ச்சி நிலையத்து நர்சரியில் ஊன்றி முப்பது நாள் பார்த்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. பலாக்கொட்டையின் உயிர் அதன் ஈரத்தில்தான் இருக்கிறதாம். காய்ந்தால் செத்துவிடுமாம். முன்பே உங்களிடம் சொல்லாதது என் தப்பு. வருத்தப்படாதீர்கள்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் இன்னொரு முறை விதைக்கச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை கொட்டையைப் பிரிக்கவே வேண்டாம். நம் மரத்தில் இன்னும் பழம் இருக்குமே, அதை முழுசாகவே கொண்டுவர வேண்டும். பார்சலில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். முழங்கால் இடம் கொடுத்தால், ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி நீங்களே எடுத்து வர முடியுமா? ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுவேன். அம்மாவின் பழைய புடவை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். காய்ந்த கொட்டைகள் ஊன்றிய தட்டைக் கொட்டிவிடும்படி மேடம் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. நான் தினமும் காலையில் அதற்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் மகள்,
வெண்ணிலா