வேல்விழி ஜெயித்த ஆட்டம்

11-6-2006, ஞாயிறு

காலை பத்தரை மணிக்கு எங்க ஊர் ராயபுரத்தில் அண்ணன் ஊட்டில் கூடினோம். இருந்தவர்கள்: அண்ணன் சசிகுமார், அவர் மனைவி அமராவதி நங்கை, அம்மா, தாய்மாமா ரத்தினசாமி, எங்க ஊட்டுக்காரர் கன்னையன், நான். மொத்தம் ஆறு பேர். தங்கச்சி வேல்விழி இல்லை. அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னதை நங்கை மறுபடியும் சொன்னாங்க. அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று தடவை கோயமுத்தூர் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வெகுநாள் ஓட்ட முடியாது. கூடப்பிறந்தவர் ஒருத்தர் ஒரு கிட்னி கொடுத்தால் பிழைப்பார். அம்மாவுக்கு வயசாச்சு, சர்க்கரை வேறு. மிச்சம் நானும் வேல்விழியும். ரெண்டு பேருக்கும் அண்ணனோட ரத்த குரூப்தான்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் அண்ணனின் காலைப் பார்த்தேன். வீங்கிப்போய், செருப்புக்குள் நுழையாமல் கிடந்தது.

மாமாதான் ஆரம்பித்தார். "ஆளாளுக்கு எதுக்குங்க ரோசனை? குலதெய்வத்துகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்." வெள்ளை அரளி வந்தால் நான் கொடுக்க வேண்டியது, செவ்வரளி வந்தால் வேல்விழி என்று முடிவானது. பூவுக்கு ஒன்றாக ரெண்டு பொட்டணம் மடித்து, அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை மட்டும் எடுத்துப் பிரிப்பார்கள்.

"பொட்டணத்த அன்பு மடிக்கட்டும். வெள்ளி செவ்வா தவறாம வெரதம் இருக்கறவ, அவ கை சுத்தம்" என்று அம்மா என்னைக் காட்டிச் சொன்னாங்க.

13-6-2006, செவ்வாய்

கோயிலுக்குப் போனோம். ரெண்டு பொட்டணத்தையும் அம்மன் முன்னால் போட்டார்கள். பூசாரியின் பேத்தி, நாலு வயசுக் குழந்தை, ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

பிரிக்காத பொட்டணத்தைக் கோயில் கிணற்றில் போட்டார்கள். அதுதான் முறை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாங்க. திரும்பும்போது காரில் எங்க ஊட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமாகி இருபது வருசத்தில் நாலு பேர் பார்க்கப் பிடித்ததில்லை.

14-6-2006, புதன்

வேல்விழிக்கு யார் சொல்வது? அவள் வெள்ளகோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தனியாக இருக்கிறாள். அப்பா காரியத்துக்கு வந்துபோனவள்தான், நாலு வருசமாச்சு. போன் போட்டால் எடுப்பதில்லை.

"நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ, லெட்டர் போடு" என்றார் அண்ணன். நான் அஞ்சாவதோடு நின்றவள். மிச்சமெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்துக் கற்றதுதான். "எடுத்தவொடனே கிட்னின்னு எழுதீராத. சின்ன வயசுல பட்டன் ஃபுட்பால் ஆடுனமே, அதையெல்லாம் எழுது. மனசு எளகீரும்."

டிவியில் உலகக் கோப்பை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

15-6-2006, வியாழன்

"அன்புள்ள தங்கை வேலுவுக்கு" என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. முதலில் இங்கே எழுதிப் பார்த்து, நல்லதாக நாலு பொறுக்கிக்கொள்கிறேன்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கம்பெனியில் கழித்துப்போட்ட நீள மேசை ஒன்று எங்கள் ஊட்டு நடையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் அண்ணன் டெய்லர் சாக்பீசால் கோடு போட்டு மைதானம் ஆக்குவார். ஆளுக்குப் பதினொரு பட்டன். ஒவ்வொன்றின் விளிம்பையும் இன்னொரு பட்டனால் அழுத்தினால் துள்ளிப் போய்ப் பந்தை அடிக்கும். பந்து என்றால் சின்னச் சட்டைப் பட்டன். தீப்பெட்டிக் கூடுதான் கோல்.

அண்ணனுக்குக் கருப்புக் கோட்டுப் பட்டன்கள், வழவழவென்று. எனக்கு ப்ரௌன். வேலுவுக்கு ஓரம் உடைந்த வெள்ளை. உடைந்தது நேராகப் போகாது, வட்டமடித்துத் திரும்பி வரும். "உம்பட ஆளுகளுக்கெல்லாம் போலியோ" என்பார் அண்ணன். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

இதை எழுத முடியாது.

16-6-2006, வெள்ளி

வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அவள் தன் பட்டன்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். பதினொன்றில் பெரியது 'பெரியாத்தாள்'. பக்கத்து ஊட்டில் எங்களுக்கு முறுக்குக் கொடுக்கிற பாட்டியின் பெயர். ராத்திரி தூங்கும்போதும் அதைக் கையில் வைத்திருப்பாள். இது நன்றாக இருக்கிறதே என்று சந்தோசமாக எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் மிச்சமும் வந்தது.

அண்ணன் அதைத் தேய்ப்புப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். உருகி, சப்பையாகி, நாறியது. "பெரியாத்தா செத்துட்டா. எடுத்தரலாம் வாங்க" என்றார். தீப்பெட்டியில் வைத்துக் கொல்லைக்கு ஊர்வலம் போனோம். தட்டை வைத்து மோளம் அடித்தது நான். "நீதான சொந்தக்காரி, நீயே அழு"ன்னு வேலுவை ஒப்பாரி வைக்கச் சொன்னோம். அவள் நிஜமாகவே அழுதாள். அழுகை நின்றால் அண்ணன் தலையில் கொட்டுவார்.

அன்றைக்கு எங்களுக்கு வயசு: அண்ணனுக்குப் பதினஞ்சு, எனக்குப் பன்னெண்டு, அவளுக்கு ஏழு.

விரதம். தண்ணி மட்டும் குடித்தேன்.

18-6-2006, ஞாயிறு

அண்ணனைக் கேட்டேன், உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்குங்கண்ணா, நல்லதா ஒண்ணு சொல்லுங்க என்று.

"'கோல் வந்துச்சா'வத்தான் எழுதேன். அதக் கேட்டா எப்பவும் சிரிப்பா" என்றார்.

அவள் சிரிப்பாளா? சிரித்துப் பார்த்திருக்கிறேன், ஆமாம். எல்லாரும் சிரித்து முடித்தபிறகு கடைசியாகச் சிரிப்பாள்.

நடந்தது இது. உடைந்த பட்டனை வைத்துக்கொண்டே அவள் ஒரு கணக்குக் கண்டுபிடித்துவிட்டாள். வட்டமடித்துத் திரும்பும் என்று தெரிந்தே, எதிர்ப்பக்கம் குறிபார்த்து அடிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு மூன்று கோல் போட்டாள். அண்ணன் ரெண்டு. ஸ்கோர் எழுதுவது எப்பவும் நான்தான். மேசை ஓரத்தில் சாக்பீசால் கோடு கிழிப்பேன். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒரு கோட்டை விரலால் அழித்துவிட்டேன். "ரெண்டுக்கு ரெண்டு" என்றேன்.

"இல்லக்கா, மூணு. நீயி இப்பத்தான் அழிச்ச" என்று அவள் கத்தினாள். மேசை மேலேயே ஏறி நின்று மூணு மூணு என்று கத்தினாள். அண்ணன் அவளை இறக்கினார். "சரி, நீதான் ஜெயிச்ச. ஜெயிச்சவங்களுக்குத்தான் பந்து. முழுங்கு" என்றார். வாயைத் திறக்கமாட்டேன் என்றாள். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். பிடித்தது நான்.

அப்புறம் பயந்துபோய், அவளே தெரியாமல் முழுங்கிவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னோம். அம்மா ரெண்டு அறை விட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்ன வைத்தாங்க. மூன்று நாள் கொல்லையில் பேப்பரை விரித்து அதன்மேல்தான் இருக்கவேண்டும். அண்ணன் குச்சியோடு போய்க் கிளறுவார். நான் வாசலிலிருந்து, "கோல் வந்துச்சா?" என்று கேட்பேன். தெருவே கேட்க ஆரம்பித்துவிட்டது. கல்யாண ஊட்டில், காதுகுத்தில், முப்பது வருசமாகக் கேட்கிறோம்.

நாலாம் நாள் வந்தது. அண்ணன் கழுவி மறுபடியும் பந்தாக வைத்தார். அதுக்கப்புறம் அவள் விளையாட வரவேயில்லை. மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள்.

20-6-2006, செவ்வாய்

விளக்கு ஏற்றினேன். கும்பிட முடியவில்லை.

எழுதிவிடுகிறேன். ரெண்டு பொட்டணத்திலும் செவ்வரளிதான் வைத்தேன்.

எனக்குப் பயம். வயிற்றைக் கீறுவார்கள். என் புள்ளைக ரெண்டும் இன்னும் படிச்சுட்டு இருக்குதுங்க. அவளுக்கு யாரு இருக்கா? — நான் மட்டுமா நெனச்சேன்? ஆறு பேரும் அதைத்தானே நெனச்சாங்க? பூ மடிக்கும்போது அம்மன்கிட்டச் சொன்னேன், நீ நெனச்சா இந்தச் சிவப்பை வெள்ளையாக்க முடியாதா, நான் தப்புன்னா ஆக்கிக் காட்டு என்று. ஆக்கவில்லையே. அப்ப அம்மனும் சம்மதிச்ச மாதிரிதானே?

தானே என்று எழுதிவிட்டு எத்தனை நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

22-6-2006, வியாழன்

லெட்டர் போட்டாச்சு. நகல்: "அன்புள்ள தங்கை வேலுவுக்கு. நலம், நலமறிய ஆவல். அண்ணனுக்கு உடம்பு மோசம். கிட்னி மாற்ற வேண்டுமாம். குலதெய்வத்திடம் பூக் கேட்டதில் உன் பெயர் வந்திருக்கிறது. நாம் மூவரும் மேசையில் பட்டன் ஃபுட்பால் ஆடியதை அண்ணன் தினமும் சொல்லிச் சந்தோசப்படுகிறார். நேரில் வா. அக்கா."

30-6-2006, வெள்ளி

பதில் வந்தது. "ஞாயிறு வர்றேன்." அவ்வளவுதான்.

2-7-2006, ஞாயிறு

வந்தாள். இளைத்திருக்கிறாள், முன்தலை நரைத்திருக்கிறது. அண்ணன் கட்டிலில் படுத்தவாறே கையைத் தூக்கி, "வா வேலு, கோல் வந்துச்சா?" என்றார். மாமா சிரித்தார். எங்க ஊட்டுக்காரரும் சிரித்தார்.

வேல்விழியும் சிரித்தாள். "அன்னிக்கு உள்ள போட்டீங்க. இன்னிக்கு உள்ளயிருந்து எடுக்கறீங்களாக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. நங்கை காப்பி எடுத்துவரப் போய்விட்டாங்க.

"பூக் கேட்டீங்களே, பொட்டணம் மடிச்சது யாருங்க மாமா?"

"உங்கக்காதான் கண்ணு. அவளத்தவிர யாரு அத்தன சுத்தம்?"

"எடுக்காத பொட்டணத்தப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பிரிக்கக்கூடாது சாமி. கெணத்துல போட்டாச்சு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனக்கா, அதுல என்ன இருந்துச்சு?"

"வெள்ளை" என்றேன்.

"அண்ணன் தலைல கை வெச்சுச் சொல்லு."

வைத்தேன். தலை சுட்டது. "வெள்ளைதான் வேலு" என்றேன்.

கொஞ்ச நேரம் என் விரல்களையே பார்த்தாள். "அப்பச் சரிங்க. நான் குடுக்கறேன்." அம்மா ஓவென்று அழுது அவள் கையைப் பிடித்துக்கொண்டாங்க. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் ஏற்றிவிட நான் போனேன். பஸ் வந்ததும் சொன்னாள்: "மூணுன்னு கத்துன வரைக்கும்தான் எனக்குத் தெம்பு இருந்துச்சு. இப்பக் கத்த முடியலக்கா. அண்ணன் சாவறது எனக்கு வேண்டாம், அதுக்காகக் குடுக்கறேன். இதோட நமக்குள்ள தீந்துது."

"ஏன்டி அப்படிச் சொல்ற?" என்றேன். வேறென்ன சொல்வேன்? நீ கொடுக்க வேண்டாம், நான் கொடுக்கிறேன் என்று சொல்ல வாய் இருந்தது. பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. டிரைவர் டீ குடித்துவிட்டு வரும்வரைக்கும் நின்றது.

17-8-2006, வியாழன்

ஆபரேசன் முடிந்தது. அண்ணனுக்கு நன்றாக வேலை செய்கிறதாம். எல்லாரும் அண்ணன் அறை வாசலில் இருந்தோம். வேல்விழியின் அறைக்கு யாரும் போகவில்லை என்று சாயங்காலம்தான் தெரிந்தது. நர்சு வந்து, "அந்தம்மாவோட ஆளுக யாருங்க?" என்று கேட்டாள்.

26-8-2006, சனி

வேல்விழி யாரிடமும் சொல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டாள். "திமிர் போகுதா பாரு" என்றார் எங்க ஊட்டுக்காரர்.

22-10-2006, ஞாயிறு

நேற்று தீபாவளி. வேல்விழி வரவில்லை. நான் போட்ட மூன்று லெட்டருக்கும் பதில் இல்லை. அண்ணன் கறி சாப்பிட்டார், நடந்தே கடைவீதி போய்வந்தார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் வயிற்றைத் தட்டி, "நான் ஒண்ணுக்குப் போனாக்கூட இப்ப அவதான் போறா" என்றார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். பழக்கம்.

வெள்ளகோவிலிலிருந்து வந்த ஒருத்தர் சொன்னார்: அவளுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து ரெண்டு மாசமாக வேலைக்குப் போகவில்லையாம். பக்கத்து ஊட்டுக்காரர்கள் கஞ்சி கொடுக்கிறார்களாம்.

அம்மாவிடம் சொன்னேன். "போகச் சொன்னது யாரு அவள?" என்றாங்க.

26-10-2006, வியாழன்

இன்று போட்ட லெட்டரின் நகல்.

"வேலு, காயம் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு அருகதை இல்லை. கிணற்றில் போட்ட பொட்டணத்திலும் சிவப்புதான். உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் கொடுத்தாய். வேறு யாருக்கும் தெரியாது. அண்ணனிடமும் அம்மாவிடமும் சொல்லிவிடட்டுமா? சொன்னால் அண்ணனின் மனசு ஒடிந்து உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை, விளக்குக்கு முன்னால் நிற்க முடியவில்லை. என்னால் முடிவு செய்ய முடியவில்லை வேலு. நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன். சொல் என்றோ வேண்டாம் என்றோ ஒரே ஒரு வார்த்தை கார்டில் எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடு."